ஒட்டிய பக்கங்கள்

சொல்யூஷன் பசை டப்பாவின் மூடி அசையவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினாள், ஈரத்துணி சுற்றித் திருகினாள், கடைசியில் சமையல் மேடை விளிம்பில் வைத்து ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். முன்னறையில் பேச்சு சட்டென்று நின்றது. அங்கே அவளுடைய அண்ணன் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தான்.

அண்ணி வந்து சமையலறை வாசலில் நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன சத்தம்? ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"மூடி திறக்க மாட்டேங்குது அண்ணி."

"இப்ப எதுக்கு அது?"

"அண்ணன் சொன்ன வேலை. நேத்து நீங்களும்தானே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அந்தப் பக்கத்த ஒட்டிட்டுதான் புத்தகத்தப் பெட்டிக்குள்ள வைக்கணும்னு சொன்னான்."

அண்ணி டப்பாவைப் பார்த்தாள். பிறகு அதை வாங்கி, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, தலைகீழாக அமிழ்த்தி வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். அவர் இப்படித்தான் திறப்பார்" என்றாள். "பதினோரு மணிக்கு வண்டி வந்துடும். அதுக்குள்ள முடி. முடிச்சதும் இத வெளிய எறிஞ்சிடு. இந்த நாத்தம்தான் அவர் நெஞ்ச அரிச்சது."

"டாக்டர் அப்படிச் சொல்லல அண்ணி."

"டாக்டர் என்னதான் சொன்னார்?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தே கால்.

அண்ணன் பஸ் டிப்போவில் சீட் பிரிவில் இருபத்தைந்து வருஷம் இருந்தவன். கிழிந்த சீட்டைப் பிரித்து, ஃபோம் வெட்டி, புது ரெக்ஸினை இழுத்துச் சொல்யூஷன் போட்டு ஒட்டித் தைப்பது அவன் வேலை. வலது கட்டைவிரல் ரேகைக்குள் கறுப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் நின்றுவிட்டது. ஒரு சின்ன டப்பாவில் அந்தச் சொல்யூஷனை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்தது சீட் ஒட்டுவதற்கு அல்ல, புத்தகம் ஒட்டுவதற்கு.

புத்தகம் என்றால் 'ஏழு துறை'. ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதை, மொழிபெயர்ப்பில் ஐம்பத்தெட்டுத் தொகுதி. காணாமல் போன அம்மாவைத் தேடி ஒரு சிறுமி ஆற்றோடு போகிறாள். ஏழு படகுத்துறைகளைத் தாண்ட வேண்டும். ஒரு வயசான படகுக்காரன் அவளைக் கூட்டிப்போகிறான். இவ்வளவுதான் கதை. இதைச் சொல்லி முடிக்க, வரைந்த அந்தப் புண்ணியவானுக்கு முப்பத்தொரு வருஷம் ஆனது. நாலாவது துறையிலிருந்து ஐந்தாவது துறைக்கு வரவே பத்து வருஷம். கரையோரமாக நடந்தே வந்திருக்கலாம். நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒரு மல்யுத்தப் போட்டி, எட்டுத் தொகுதி. ஒருத்தன் ஓங்கின வாள் இறங்குவதற்குள் அவனுடைய தாத்தா காலத்துக் கதை மூன்று தொகுதி. பிறகு ஆசிரியருக்கு முதுகுவலி என்று இரண்டு வருஷம் ஒன்றுமே வரவில்லை. அந்த இடைவெளியில் இங்கே தங்கைக்குக் கல்யாணமாகி, அது சரிப்படாமல் விவாகரத்தும் ஆகிவிட்டது. வாள் மட்டும் இறங்கவில்லை.

ஆனால் ஒன்பதாம் தொகுதி இருக்கிறதே, அதை அவளால் இப்போதும் குறை சொல்ல முடியாது. அதில் படகுக்காரன் சாகிறான். சண்டை இல்லை, வசனம் இல்லை. நாலு நாள் காய்ச்சல், ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஆறு பக்கத்துக்கு ஒரு சொல் கிடையாது. காலிப் படகும் தண்ணீரும்தான்.

அது வந்த மாதம்தான் அவர்களுடைய அம்மா செத்துப்போனாள். அவளுக்குப் பதினாலு வயசு, அண்ணனுக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் அம்மாவின் செருப்பை வாசலில் எடுத்துத் திருப்பி வைப்பாள், வெளியே கிளம்பினால் கால் நுழைக்கச் சுலபமாக. தினமும். அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். ஒருநாள் அண்ணன் அவளை மாடிப்படியில் உட்கார வைத்து அந்த ஆறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினான். "பாத்தியா வண்டு? திரும்பி வரல. யாரும் யாரையும் ஏமாத்தல. போனா போனதுதான்" என்றான். வண்டு என்பது அவன் மட்டும் அவளைக் கூப்பிடும் பேர். மறுநாள் செருப்பை அவளே எடுத்துப் பரணில் போட்டாள்.

அப்படிப்பட்ட படகுக்காரனை முப்பத்தொன்றாம் தொகுதியில் அந்த ஆசிரியன் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினான். பனிமூட்டத்திலிருந்து நடந்து வருகிறான், சிரித்த முகம், தலையில் புதுத் தொப்பி. எங்கே இருந்தான், எப்படிப் பிழைத்தான், ஒரு விளக்கமும் கிடையாது. அவளும் அண்ணனும் தோளோடு தோள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். தொண்டை வரைக்கும் வந்த சந்தோஷம். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் முகம் கறுத்துவிட்டிருந்தது.

"செத்தவனக் கொண்டாந்து நிறுத்துறான் பாரு! அப்ப அந்த ஆறு பக்கம் எதுக்கு? நாம அழுதது எதுக்கு? நம்மளப் பாத்தா கேணயனுங்க மாதிரியா தெரியுது?"

அன்றைக்கே டிப்போவிலிருந்து சொல்யூஷன் வந்தது. படகுக்காரன் திரும்பி வரும் பதினாலு பக்கத்தையும் மேலே, கீழே, ஓரம் என்று மூன்று விளிம்பிலும் மெல்லிசாகத் தடவி ஒட்டினான். மேலே இஸ்திரிப் பெட்டியைப் பாரம் வைத்தான். "இது நடக்கல. நம்ம வீட்டுப் புத்தகத்துல இது நடக்கல. சரியா?" என்றான். அவளும் சரி என்றாள். தனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது; அம்மாவுக்கு ஏதோ துரோகம் பண்ணினது மாதிரி. அதோடு படிப்பதை விட்டுவிட்டாள். அவன் விடவில்லை. திட்டிக்கொண்டே இன்னும் இருபத்தேழு தொகுதி வாங்கினான். ஏன் என்று கேட்டால், "முடிவு தெரியாம எப்படி விடுறது?" என்பான்.

நேற்று மத்தியானம் தபாலில் வந்தது அந்த முடிவு.

அண்ணனால் புத்தகத்தைப் பிடிக்க முடியவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாய், கண்ணில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. "படிச்சுச் சொல்லு" என்றான். படக்கதையை எப்படிப் படித்துச் சொல்வது? பேச்சை வாசித்து, படத்தை விவரித்து, கட்டம் கட்டமாக அவள் சொல்லிக்கொண்டு போனாள். அண்ணி கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். எண்பது பக்கத்தில் அவளுக்குத் தொண்டை கட்டியது, கோபமும் ஏறியது.

"இன்னும் அதே சண்டைதான் அண்ணா. இவன் அவனப் பாக்குறான், அவன் இவனப் பாக்குறான். நாலு பக்கம் வெறும் முறைப்பு."

"வேர்வ இருக்கா?"

"நெத்தியில ஒரு சொட்டு."

"போன தொகுதியிலயும்... அதே சொட்டுதான்" என்று அண்ணன் மூச்சு வாங்கிச் சிரித்தான்.

கடைசிப் பதினோரு பக்கத்துக்கு வந்தபோது அவள் நிறுத்தினாள். ஏழாவது துறை. கரை நிறைய ஆட்கள். முப்பத்தொரு வருஷத்தில் செத்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக நின்று கையாட்டுகிறார்கள். முன்னால் படகுக்காரன். அவன் பக்கத்தில் சிறுமியின் அம்மா. எல்லாருக்கும் ஒரே மாதிரி சிரிப்பு. கீழே ஆசிரியர் கையெழுத்து, 'இத்தனை நாள் கூட வந்ததற்கு நன்றி'. அவளுக்குப் புத்தகத்தைச் சுவரில் வீசியடிக்கத் தோன்றியது. எட்டுத் தொகுதி மல்யுத்தத்துக்கும், வாளுக்கும், முதுகுவலிக்கும் பிறகு, பொருட்காட்சியில் குடும்பமாக எடுத்துக்கொண்ட ஃபோட்டோ மாதிரி ஒரு படம். இதைச் சாகக் கிடக்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

அதனால் பொய் சொன்னாள். "கரையில யாருமே இல்ல அண்ணா. படகு மெதுவாப் போய் ஒதுங்குது. அவ இறங்குறா. அம்மா அம்மான்னு ஒரு தடவ கூப்பிடுறா. அப்புறம் கயித்த எடுத்து அவளே படகக் கட்டுறா. அவ்ளோதான். முடிஞ்சுது."

குழாயில் காற்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வண்டு, அந்த ஆளு அவ்ளோ நல்லா எழுத மாட்டான்."

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "எல்லாரும் வந்துட்டாங்க அண்ணா" என்றாள். "ஒருத்தர் பாக்கி இல்ல. படகுக்காரன் தொப்பியக்கூடக் கழட்டல."

"அம்மா?"

"அந்தப் பொண்ணோட அம்மாவா? நிக்கிறா. பல்லெல்லாம் தெரியுது."

"காட்டு."

"உனக்குத்தான் எல்லாம் ரெண்டாத் தெரியுதே."

"ரெண்டாத் தெரிஞ்சா தெரியட்டும். காட்டு."

புத்தகத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கை வலித்தது. அந்த மட்டமான படத்தில் இன்னும் என்னென்ன குறை கண்டுபிடிக்கிறானோ என்று நினைத்தாள்.

"ஒட்டிடு" என்றான் கடைசியில். "ஒட்டிட்டு... எங்கூடவே போட்டுரு. போற எடத்துலயும் இதப் பாக்கணுமா?"

"வாயக் கழுவு. போற எடமாம்."

"ஒட்டிடுவ இல்ல?"

"பொழுதுக்கும் இதே பேச்சு. ஒட்டுறேன்னா ஒட்டுறேன்."

அதுதான் அவனிடம் அவள் பேசின கடைசிப் பேச்சு. தொண்டைக்கு வெந்நீர் வைக்கச் சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொதிப்பதற்குள் அண்ணி கூப்பிட்டாள். அப்போது சாயங்காலம் மணி ஐந்து இருபது.

வெந்நீரில் ஊறின மூடி இப்போது இரண்டு விரலுக்கே திறந்துகொண்டது. டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு அவள் முன்னறையைத் தாண்டினாள். டிப்போ ஆட்கள் சுவரோரமாக நின்றிருந்தார்கள். பெட்டிக்குள் அண்ணன், டிப்போவின் நீலச் சட்டையில். காலர் பட்டன் வரைக்கும் போட்டுவிட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தால் முதல் காரியமாக அதை அவிழ்த்திருப்பான்.

பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தாய்மாமா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். நல்ல மனுஷர். நேற்றிலிருந்து எல்லாரையும் தேற்றுகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார்.

"அழாதம்மா."

"நான் அழல மாமா."

"அவன் எங்கயும் போயிடல. நம்ம கூடத்தான் இருக்கான். பாரு, தூங்குற மாதிரி இருக்கு. ஏதோ ஒரு ரூபத்துல திரும்பி நம்மகிட்டதான் வரப்போறான்."

அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் மேஜையைக் குத்துவார்கள், பேப்பரை முகத்தில் வீசுவார்கள். பதினாறு வருஷத்தில் ஒருத்தரிடமும் அவள் குரல் உயர்த்தினதில்லை. இப்போது உயர்ந்தது.

"வர மாட்டான் மாமா."

"ஒரு ஆறுதலுக்குச் சொல்றேன்மா..."

"எதுக்கு ஆறுதல்? தூங்குறானாம். தூங்குறவனுக்கு யாராவது கழுத்து வரைக்கும் பட்டன் போடுவாங்களா? அவன் செத்துட்டான். நாப்பத்தாறு வயசுல செத்துட்டான். ஒரு ரூபத்துலயும் வர மாட்டான், தொப்பி மாட்டிக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு வந்து நிக்க மாட்டான். உங்களுக்கு வேணும்னா நீங்க நம்புங்க. எங்கிட்ட வந்து சொல்லாதீங்க!"

தொப்பி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மாமா அவளையே பார்த்தார். அவருடைய கை இன்னும் அவள் மணிக்கட்டில்தான் இருந்தது, எடுக்க மறந்துவிட்டார். அவளே விடுவித்துக்கொண்டு, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பின்னறை அலமாரியில் ஐம்பத்தேழு தொகுதியும் வரிசையாக இருந்தன. ஐம்பத்தெட்டை மேஜையில் வைத்து, கடைசிப் பதினோரு பக்கத்தைப் பிரித்துப் பிடித்தாள். பிரஷ்ஷைச் சொல்யூஷனில் தோய்த்தாள். வாடை குப்பென்று ஏறியது; பள்ளிக்கூட நாளில் அண்ணன் சட்டையில் மூக்கை வைத்தால் வருகிற அதே வாடை. தேம்பல் வருவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாள். ஆனால் விளிம்பில் எவ்வளவு அகலம் தடவுவது? அரை விரலா, முழு விரலா? அதிகமானால் தாள் சுருங்கிப்போகும் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தான். அளவு பார்த்துக்கொள்ளலாம் என்று முப்பத்தொன்றாம் தொகுதியை உருவினாள்.

புத்தகம் தானாகவே திறந்துகொண்டது.

ஒட்டின பதினாலு பக்கம் இருக்கும் இடத்தில் கட்டையாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. தாள்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. மூன்று விளிம்பிலும் ஒட்டின பகுதியை மட்டும் நூல் பிடித்தது மாதிரி வெட்டி எடுத்திருந்தது. கத்தரிக்கோல் இல்லை, ரெக்ஸின் வெட்டும் கத்தி. அப்படி ஒரு வெட்டு அந்த வீட்டில் ஒருத்தனுக்குத்தான் வரும். வெட்டும் புதுசு இல்லை. வெட்டின விளிம்பு மற்றப் பக்கங்களைப் போலவே பழுத்து மஞ்சளாகியிருந்தது.

பக்க மூலைகளில் கறுப்பாகக் கட்டைவிரல் ரேகை. ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து, ரேகையே தெரியாமல் வெறும் கறையாக ஆகியிருந்தது. படகுக்காரன் பனியிலிருந்து வெளியே வரும் பக்கத்தில் மூலை நைந்து, துணி மாதிரி மெத்தென்று இருந்தது.

"திருட்டுப் பயலே" என்றாள் அவள் வாய்விட்டு.

ஒட்டிப் பதினைந்து வருஷம். எத்தனை தடவை இந்த வீட்டுக்கு வந்திருப்பாள்! வரும்போதெல்லாம் அந்தப் படகுக்காரனை இரண்டு பேருமாகக் காய்ச்சி எடுத்திருக்கிறார்கள். செத்தவனுக்கு என்ன தொப்பி, செத்தவனுக்கு என்ன சிரிப்பு என்று அண்ணன் ஆரம்பிப்பான், அவள் முடிப்பாள். அவள் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, இங்கே உட்கார்ந்து இதைத் திருப்பியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று அவளும் சொல்லியிருப்பாளே. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்திருக்கலாமே. கோபம் தாங்காமல் மேஜைக்காலை உதைத்தாள். கால் பெருவிரலில் வலி சுரீரென்று ஏறியது. அந்த வலியைச் சாக்காக வைத்துக்கொண்டு அழுதாள்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணி கதவைத் தட்டினாள்.

"ஒட்டியாச்சா? டிரைவர் கேக்குறார்."

பிரஷ்ஷிலிருந்து சொல்யூஷன் அவள் விரலில் சொட்டி, மேஜையிலும் சொட்டியிருந்தது. அவள் பிரஷ்ஷை டப்பாவுக்குள்ளேயே போட்டு, மூடியை வைத்து உள்ளங்கையால் அடித்து இறுக்கினாள். முப்பத்தொன்றை அலமாரியில் அதன் இடத்தில் செருகினாள். ஐம்பத்தெட்டை ஒட்டாமலே எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"முடிஞ்சுது அண்ணி. நீங்களே வைங்க."

அண்ணி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் இந்தப் புத்தகங்களுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. கல்யாணமான புதுசில், அண்ணன் இன்னும் பிரிக்காத ஒரு தொகுதியை எடுத்து, மற்றப் புத்தகங்களைத் திறக்கிற மாதிரியே திறந்துவிட்டாள். இவை வலமிருந்து இடமாகப் படிக்கிறவை. மற்றப் புத்தகத்தில் முதல் பக்கம் வரும் இடத்தில் இதில் கடைசிப் பக்கம் வரும். "ஏங்க, அந்த முகமூடிக்காரன்தான் அவ தம்பியா?" என்று அண்ணி ஆசையாகக் கேட்டாள். அண்ணன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த அலமாரிப் பக்கமே போனதில்லை.

அண்ணி பெட்டியின் மேல் குனிந்தாள். அவன் காலர் பட்டனைக் கழற்றிவிட்டாள். பிறகு புத்தகத்தை வலது கைக்குக் கீழே வைத்து, கறுத்த கட்டைவிரலை எடுத்து அதன் விளிம்பில் பொருத்தினாள். நிமிர்ந்தவள் முகத்தில் சந்தேகம் வந்தது.

"சரியாத்தான் வெச்சிருக்கேனா? மறுபடி தப்பாப் பண்ணிட்டேனா?"

தப்பாகத்தான் வைத்திருந்தாள். பின்னட்டை மேலே இருந்தது. அந்தப் பக்கமாகத் திறந்தால் எடுத்த எடுப்பிலேயே ஏழாவது துறைதான் வரும், கரையில் அத்தனை பேரோடும்.

"சரியாத்தான் இருக்கு அண்ணி" என்றாள்.

டிரைவரும் டிப்போ ஆட்களும் பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, விரலில் காய்ந்துபோயிருந்த சொல்யூஷனை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.